பார்ஸ்டோவில் ஒரு சனி, ஞாயிறு: ரயில் பார்க்க எங்கே நிற்பது?

பைப்பனஹள்ளி_பயணி (பெங்களூரு)

வணக்கம். ஜனவரி நடுவில் ஆபீஸ் வேலையாக கலிபோர்னியாவில் இர்வைன் போகிறேன். ஒரு சனி, ஞாயிறு மட்டும் கையில் இருக்கும். மொஹாவே பாலைவனத்தில் இருக்கும் பார்ஸ்டோ போய் சரக்கு ரயில்கள் பார்க்கலாம் என்று திட்டம். வாடகைக் கார் எடுத்துக்கொள்வேன். கேமராவில் 70-300 லென்ஸ்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவைதான். பழைய ஸ்டேஷன் கட்டிட பிளாட்பாரத்திலேயே நாள் முழுக்க நின்றால் போதுமா? எந்த ரயில் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிய வழி உண்டா? ஆம்ட்ராக் பயணிகள் ரயிலைப் பகலில் எடுக்க முடியுமா? நம்ம ஊரில் கேமராவைத் தூக்கினாலே ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) வந்து கேட்பார்கள், அங்கே சட்டம் எப்படி? இன்னொன்று: கன்டெய்னர் மேல் கன்டெய்னர் அடுக்கிய அவர்களுடைய டபுள் ஸ்டாக்கும் நம்ம ஹரியானாவின் ரேவாரி பக்கம் ஓடுகிற டபுள் ஸ்டாக்கும் ஒன்றுதானா?

கூட்ஸ்_கார்டு (பெங்களூரு)

ஊரின் அமைப்பு மனதில் படிந்துவிட்டால் எங்கே நிற்பது என்பது தானாகத் தெரியும். அதனால் முதலில் அது.

பார்ஸ்டோ ரயிலால் உண்டான ஊர். பெயரே சாண்டா ஃபே ரயில்வேயின் தலைவராக இருந்த வில்லியம் பார்ஸ்டோ ஸ்ட்ராங்கிடமிருந்து வந்தது. சாண்டா ஃபே இன்று பிஎன்எஸ்எஃப் ஆகிவிட்டது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரும் அதன் பிரதான இரட்டைப் பாதை நீடில்ஸ் வழியாகக் கிழக்கிலிருந்து ஊருக்குள் நுழைகிறது. ஊருக்கு மேற்கே பெரிய ஹம்ப் யார்டு; மேட்டில் ஏற்றி, பெட்டிகளைக் கழற்றி, சரிவில் உருளவிட்டுப் பிரிக்கும் யார்டு. அதன் மேற்கு முனையில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று தென்மேற்கே விக்டர்வில், கஹோன் கணவாய் வழியாக சான் பெர்னார்டினோவுக்கு. மற்றது மேற்கே மொஹாவே, டெஹாச்சபி வழியாக பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு. கிழக்கே சுமார் 15 கி.மீ. தள்ளி டாகெட் என்ற சின்ன ஊர். சால்ட் லேக் சிட்டி, லாஸ் வேகாஸ் பக்கமிருந்து வரும் யூனியன் பசிபிக் பாதை அங்கே வந்து சேர்கிறது. டாகெட்டிலிருந்து ரிவர்சைடு வரை யூனியன் பசிபிக் ரயில்கள் பிஎன்எஸ்எஃப் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. இரண்டு கம்பெனி வண்டிகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பது பார்ஸ்டோவின் பெரிய வசதி.

இப்போது பிளாட்பாரம். ஸ்டேஷன் கட்டிடத்தின் பெயர் காசா டெல் டெசியெர்ட்டோ. 1911இல் கட்டிய ஹார்வி ஹவுஸ், அதாவது சாண்டா ஃபே பயணிகளுக்காக ஃபிரெட் ஹார்வி நிறுவனம் நடத்திய சாப்பாட்டுக்கூடமும் தங்கும் விடுதியும் சேர்ந்தது. 1992 நிலநடுக்கத்தில் சேதமாகி, பிறகு பழுதுபார்த்துத் திறந்தார்கள். செங்கல் வளைவுகளும் நீளமான தாழ்வாரமும் அவசியம் பார்க்க வேண்டியவை.

ஆனால் ஜனவரியில் போட்டோவுக்கு அது சரியான இடம் இல்லை. கட்டிடமும் பிளாட்பாரமும் தண்டவாளத்துக்கு வடக்கே இருக்கின்றன. ஜனவரியில் அங்கே சூரியன் தென்கிழக்கில் உதித்து, நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து சுமார் 34 டிகிரிக்கு மேல் ஏறாமல், தென்மேற்கில் மறையும். காலை முதல் மாலை வரை ரயிலின் வடக்குப் பக்கம் நிழலிலேயே இருக்கும். பிளாட்பாரத்தில் நின்று எடுக்கிற ஒவ்வொரு படமும் வெளிச்சத்துக்கு எதிராகத்தான் வரும். ஜூன் மாதம் என்றால் கதை வேறு: அதிகாலையிலும் சாயங்காலத்திலும் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், பிளாட்பாரப் பக்கம் பொன்னாக ஒளிரும்.

எனவே ஜனவரியில் தண்டவாளத்துக்குத் தெற்கே நில்லுங்கள். அதற்கு மிக எளிய இடம் டாகெட். பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது, ஊர் தெற்குப் பக்கத்தில். பொதுச் சாலையிலேயே நின்று எடுக்கலாம். ரயில்வே கேட்டும் உண்டு. யூனியன் பசிபிக் வண்டி வளைந்து வந்து பிரதான பாதையில் ஏறுவதையும் இங்கேயே பார்க்கலாம்.

பிற்பகலுக்கு மேற்குப் பக்கம். பார்ஸ்டோவிலிருந்து விக்டர்வில் வரை சுமார் 58 கி.மீ. பழைய ரூட் 66 சாலை, இப்போதைய பெயர் நேஷனல் டிரெயில்ஸ் ஹைவே, பாதையை ஒட்டியே ஓடுகிறது. லென்வுட், ஹாட்ஜ், ஹெலண்டேல், ஓரோ கிராண்டே என்று வரிசையாக நின்று போகலாம். ஐ-15 நெடுஞ்சாலையில் போனால் இவை எதுவுமே கண்ணில் படாது.

பிளாட்பாரத்தை இரவுக்கும் நடுப்பகலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பல ரயில்களுக்கு இங்கே டிரைவர், கண்டக்டர் மாறுவார்கள். எனவே இன்ஜின்கள் நின்றும் மெதுவாகவும் போகும். இன்ஜினை நிதானமாகக் கவனிக்க நல்ல இடம். ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போகத்தான் வேண்டும்.

சிக்னல்_கேபின் (பெங்களூரு, கே.ஆர். புரம்)

சார், நேரம் பற்றிச் சொல்கிறேன். சரக்கு ரயிலுக்குப் பொதுமக்கள் பார்க்கிற அட்டவணை கிடையாது. ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் நம்ம என்டிஇஎஸ் தளம் மாதிரி எதையும் தேட வேண்டாம். நல்ல நேரத்தில் மணிக்கு இரண்டு மூன்று வரும். ஒன்றுமே வராத ஒன்றரை மணி நேரமும் உண்டு. அப்படி ஓய்ந்திருந்தால் எங்கேயோ பாதை வேலைக்கு பிளாக் எடுத்திருக்க, அதாவது பாதையை மூடியிருக்க, வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் இடம் மாற்றாதீர்கள். பிளாக் விட்டதும் தேங்கியிருந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

வருவதை அறிய மூன்று வழி.

முதலாவது ரேடியோ. அமெரிக்க ரயில்வே பேச்செல்லாம் சுமார் 160 முதல் 161.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் அலைவரிசையில், மறைக்குறியீடு இல்லாமல் போகிறது. அங்கேயே கேட்க மட்டும் முடிகிற ஸ்கேனர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பேசவும் முடிகிற மலிவு வாக்கி டாக்கி வேண்டாம். பட்டனைத் தவறி அழுத்தினால் ரயில்வே அலைவரிசையில் ஒலிபரப்பிய குற்றம் ஆகிவிடும். கேட்க வேண்டியது டிரைவர் பேச்சைவிடப் பாதையோரக் கருவியின் குரலைத்தான். சூடான பேரிங், தொங்கும் பாகம் இருக்கிறதா என்று சோதிக்கும் டிடெக்டர்கள் பாதை நெடுக இருக்கின்றன. ரயில் தாண்டியதும் பதிவுசெய்த குரலில் ரயில்வே பெயர், மைல்கல் எண், எந்த டிராக், பழுது உண்டா இல்லையா, மொத்தம் எத்தனை அச்சு என்று சொல்லும். மைல்கல் எண் தெரிந்தால் வண்டி உங்களிடமிருந்து எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடலாம். கன்டெய்னர் வண்டிகளுக்கு உச்ச வேகம் மணிக்கு 70 மைல், அதாவது 113 கி.மீ. பத்து மைல் தள்ளி டிடெக்டர் பேசினால் குறைந்தது எட்டரை நிமிடம் கையில் இருக்கிறது. ஏற்றத்தில் வருகிற வண்டி என்றால் இரட்டிப்பாகவும் ஆகலாம்.

இரண்டாவது சிக்னல். நம்ம ஊரில் சிக்னல் எப்போதும் ஏதோ ஒரு நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும். அங்கே ரயில் நெருங்கினால் மட்டும் எரிகிற வகையும் உண்டு. அணைந்து கிடந்த சிக்னல் திடீரென்று எரிந்தால் கேமராவை எடுங்கள்.

மூன்றாவது ஹாரன். கேட்டுக்கு 15 முதல் 20 விநாடி முன்பிருந்து இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்று அடிக்க வேண்டும் என்பது விதி. பாலைவனத்தில் காற்று உங்கள் பக்கம் வீசினால் பல கி.மீ. தள்ளி இருக்கும் கேட்டின் ஹாரனும் காதில் விழும்.

ரேடியோவில் பிஎன்எஸ்எஃப் ரயிலின் குறியீடு கேட்டால் முதல் எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இசட் என்றால் அவசர பார்சல், டிரெய்லர் வண்டி. மற்றவையெல்லாம் ஒதுங்கி இதற்கு வழி விடும். எஸ் என்றால் துறைமுகக் கன்டெய்னர். கியூ அடுத்த நிலை கன்டெய்னர் வண்டி. எம், எச் இரண்டும் பல ரகப் பெட்டிகள் கலந்த வண்டி. யார்டுக்குள் நுழைபவை பெரும்பாலும் இவைதான். வி கார் ஏற்றியது, ஜி தானியம். எழுத்துக்குப் பிறகு புறப்படும் இடத்துக்கு மூன்றெழுத்து, சேரும் இடத்துக்கு மூன்றெழுத்து.

ஆம்ட்ராக் விஷயத்தில் ஆசை வேண்டாம். சவுத்வெஸ்ட் சீஃப் என்ற அதன் ரயில் தினமும் ஒன்று போகும், ஒன்று வரும். லாஸ் ஏஞ்சல்ஸ் போவது விடியலுக்கு வெகு முன்பே பார்ஸ்டோவைத் தாண்டிவிடும், சிகாகோ போவது இரவு ஒன்பது, பத்து வாக்கில். நேரத்துக்கு ஓடினால் இரண்டுமே இருட்டில்தான். மேற்கு நோக்கி வருவது பல மணி நேரம் தாமதமானால் பகலில் கிடைக்கும். ஆம்ட்ராக் செயலியில் ரயில் எண் 3ஐ வெள்ளி இரவே பார்த்துவிடுங்கள். இரவில் வரும் எண் 4ஐ வளைவுத் தாழ்வார விளக்கொளியோடு எடுக்கலாம். முக்காலி வேண்டும்.

நேரோகேஜ் (பெங்களூரு)

சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் பாதி மட்டும் தெரிந்துகொண்டு போகிறார்கள். பொது இடத்தில் நின்றுகொண்டு கண்ணுக்குத் தெரிவதை எடுக்க அங்கே அனுமதி தேவையில்லை. ஆனால் தண்டவாளமும் அதை ஒட்டிய நிலமும் தனியார் கம்பெனிச் சொத்து. வேலி இருக்காது, சுவர் இருக்காது, ஆள் இருக்க மாட்டார்கள். அதனாலேயே சரளைக்கல் வரை நடந்து போய்விடுகிறார்கள். கலிபோர்னியாவில் ரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழைவது குற்றவியல் சட்டப்படி வழக்கு. வேலை விசாவில் போகிறவர் பெயரில் அப்படி ஒரு பதிவு விழக்கூடாது. பாதையை ஒட்டியே ஓடும் மண் சாலையும் பெரும்பாலும் கம்பெனியின் பராமரிப்புச் சாலைதான். தார்ச் சாலை, கேட்டுக்கு வெளியே உள்ள சாலையோரம், ஸ்டேஷன் வளாகம், மியூசியம்: இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பார்ஸ்டோவுக்கும் டாகெட்டுக்கும் நடுவில் நீபோ என்ற இடத்தில் மரைன் படையின் தளவாடக் கிடங்கு இருக்கிறது. ரயில் பாதை அதை ஒட்டியே போகிறது. டெலி லென்ஸோடு அங்கே காரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஐ-40இல் நேராகப் போய் டாகெட் வெளிவழியில் இறங்கினால் போதும்.

ஒவ்வொரு கேட்டிலும் நீல நிறப் பலகை ஒன்று இருக்கும். அவசர போன் எண்ணும் அந்தக் கேட்டின் அடையாள எண்ணும் அதில். போய் நின்றவுடன் அதைப் போட்டோ எடுத்துவையுங்கள். தண்டவாளத்தில் வண்டி சிக்கியிருந்தாலோ, ஓடுகிற ரயிலில் ஏதாவது இழுபட்டு வந்தாலோ அந்த எண்ணுக்குத்தான் சொல்ல வேண்டும்.

காருக்கு உங்கள் இந்திய லைசென்ஸே போதும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வைத்திருந்தால் வாடகைக் கம்பெனியில் கேள்வி இருக்காது. வாடகை ஒப்பந்தங்களில் மண் சாலையில் ஓட்டக்கூடாது என்று இருக்கும். மணலில் சக்கரம் புதைந்தால் இழுவைச் செலவு முழுக்க உங்கள் தலையில்.

ஜனவரிப் பாலைவனம் குளிர். விடியற்காலையில் உறைநிலைக்கு அருகே போகும், காற்று வேறு. ஜாக்கெட், கையுறை அவசியம். வெயில் இல்லையே என்று தண்ணீரை விட்டுவிடாதீர்கள். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் காரில் இருக்கட்டும். சைவம் என்றால் டெல் டாகோவில் பீன்ஸ் புரிட்டோ கிடைக்கும். அந்தக் கம்பெனியே 1964இல் பக்கத்து ஊர் யெர்மோவில் தொடங்கியதுதான்.

பைப்பனஹள்ளி_பயணி

அருமை. திசை விஷயம் தெரியாமல் போயிருந்தால் இரண்டு நாளும் பிளாட்பாரத்திலேயே போயிருக்கும். இரண்டு சந்தேகம். கிழக்கே ஆம்பாய் வரை போகலாமா, இல்லை மேற்கே டெஹாச்சபி லூப் போகலாமா? லென்ஸ் போதுமா?

கூட்ஸ்_கார்டு

இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. டெஹாச்சபி அற்புதமான இடம். 1876இல் போட்ட பாதை, ரயில் தன் வாலுக்கு மேலேயே சுற்றி ஏறும். ஆனால் பார்ஸ்டோவிலிருந்து போக வர 300 கி.மீ. ஆகிவிடும், பாதி நாள் காரிலேயே கழியும். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

ஆம்பாய் பக்கம் ரூட் 66இல் மழைவெள்ளத்தில் மரப்பாலங்கள் பழுதாகி அவ்வப்போது சாலை மூடியிருக்கும். கிழக்கே கட்டாயம் போக ஆசை என்றால் பார்ஸ்டோவிலிருந்து 80 கி.மீ. தூரத்தில் இருக்கும் லட்லோவோடு திரும்பிவிடுங்கள். அதற்குக் கொஞ்சம் அப்பால் ஆஷ் ஹில் ஏற்றம். மேற்கு நோக்கி வரும் வண்டிகள் முழு மூச்சில் ஏறி வரும். நியூபெரி ஸ்பிரிங்ஸ் தாண்டினால் போன் சிக்னலை நம்ப முடியாது. பெட்ரோல் பார்ஸ்டோவிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது கஹோன் கணவாய். இர்வைன் திரும்புகிற வழியிலேயே இருக்கிறது, ஐ-15இல் 138 சாலை வெளிவழியில் இறங்க வேண்டும். 1885இல் திறந்த பாதை. பிஎன்எஸ்எஃப்புக்கு மூன்று டிராக், யூனியன் பசிபிக்குக்குத் தனி டிராக். 2.2 சதவீத ஏற்றம், பழைய டிராக்கில் 3 சதவீதம். பாரமேற்றிய வண்டி மணிக்கு 30, 35 கி.மீ. வேகத்தில் உறுமிக்கொண்டு ஏறும். பின்னால் பாறைக்குன்றுகள்.

சனி அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் டாகெட். பதினொன்று வரை அங்கே. பிறகு ஸ்டேஷன், வெஸ்டர்ன் அமெரிக்கா ரயில்ரோடு மியூசியமும் ரூட் 66 மியூசியமும் அந்தக் கட்டிடத்திலேயே. வார இறுதியில் சில மணி நேரம் மட்டுமே திறப்பார்கள், போகுமுன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கும் சாண்டா ஃபே 95ஆம் எண் எஃப்பி45 இன்ஜினைச் சிவப்பு, வெள்ளி வண்ணத்தில் பார்க்கலாம். ஸ்டேஷனுக்குப் போகும் ஃபர்ஸ்ட் அவென்யூ மேம்பாலம் 1930இல் கட்டியது. அதை மாற்றும் வேலை நடந்ததால் பழைய வீடியோக்களை நம்பாமல் அன்றைய வரைபடத்தைப் பார்த்துப் போங்கள். ஒன்றரை மணிக்கு ஹாட்ஜ், ஹெலண்டேல். ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ராத்திரி பார்ஸ்டோவில் தங்கல். ஞாயிறு காலை எழுந்ததும் ஓரோ கிராண்டே, பிறகு கஹோன்.

ஞாயிறு பகல் ஒரு மணிக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். லாஸ் வேகாஸ் போன கூட்டம் முழுவதும் ஞாயிறு பிற்பகலில்தான் ஐ-15 வழியாகத் திரும்புகிறது. அதில் மாட்டினால் இரண்டு மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாகும். வெள்ளி மாலை எதிர்த்திசையில் இதே நிலைமை. அதனால்தான் சனி அதிகாலை சொன்னேன்.

ஃபோகஸ்_பாயிண்ட் (பெங்களூரு, ஒயிட்ஃபீல்டு)

70-300 தாராளம். 300ஐவிட நீளமான லென்ஸ் இருந்தாலும் பாலைவனத்தில் பயன் குறைவு. காரணம் கானல். குளிர்காலத்தில்கூட காலை பத்து மணிக்கு மேல் சரளையும் தண்டவாளமும் சூடேறி, மேலே இருக்கிற காற்று நெளியும். ஒரு கி.மீ. தள்ளி இருக்கும் இன்ஜின் தண்ணீருக்குள் தெரிவதுபோல் குழையும். இது ஃபோகஸ் கோளாறு இல்லை, லென்ஸை மாற்றினாலும் தீராது. ரயிலை 150 மீட்டருக்குள் வரவிட்டு 100 மி.மீ. பக்கம் எடுங்கள். நெளிவே வேண்டுமென்று எடுப்பதானால் மட்டும் 300.

ஷட்டர் 1/1000க்குக் குறைய வேண்டாம். இன்ஜினின் முகப்பு விளக்கு, கீழே இருக்கும் இரண்டு டிச் லைட் எல்லாம் பகலிலும் எரியும். கேமரா அதைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிடும். வெறும் பக்கவாட்டு வெளிச்சத்தில் மேனுவலாக எக்ஸ்போஷர் வைத்துவிட்டு அதை மாற்றாமல் இருங்கள். வண்டி தாண்டும்போது கிளம்பும் மணல் சென்சாரில் ஏறும். வெளியில் லென்ஸ் கழற்ற வேண்டாம்.

முன் இன்ஜின் போனதும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். இரண்டு, மூன்று கி.மீ. நீள வண்டிகளில் நடுவிலும் கடைசியிலும் ஆளில்லாத இன்ஜின்கள் இருக்கும், முன் இன்ஜினிலிருந்து ரேடியோ மூலம் இயக்குபவை. சில நேரம் அவைதான் அழுக்கில்லாமல் புதிதாக இருக்கும்.

சிக்னல்_கேபின்

டபுள் ஸ்டாக் கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நம்ம மேற்கு சரக்கு வழித்தடத்தில் தட்டையான வேகன் மேல் கன்டெய்னர், அதன் மேல் இன்னொன்று. அதனால் உயரம் 7.1 மீட்டர் வரை போகிறது, மின்கம்பியையும் அதற்கேற்ப உயர்த்திக் கட்டியிருக்கிறோம். அமெரிக்காவில் கீழ்க் கன்டெய்னர் சக்கரங்களுக்கு நடுவே தொட்டிபோல் பள்ளமான வேகனுக்குள் இறங்கி உட்காரும். ரயில்மட்டத்திலிருந்து உச்சி சுமார் 6.15 மீட்டர்தான். மேலே கம்பியே இல்லை, எல்லாம் டீசல்.

பார்க்கும்போது கவனிக்க: கீழே 40 அடிப் பெட்டி, மேலே இரு பக்கமும் நீட்டிக்கொண்டு 53 அடிப் பெட்டி இருக்கும். 53 அடிப் பெட்டி பொதுவாகக் கப்பலில் போவதில்லை, உள்நாட்டுச் சரக்குக்காக ஓடுவது. அதற்கும் 40 அடி இடைவெளியில் பூட்டுமுனைகள் இருப்பதால்தான் இப்படி அடுக்க முடிகிறது. 40 அடிப் பெட்டிகளே வரிசையாக வந்தால் துறைமுகச் சரக்கு. 53 அடிப் பெட்டிகள் நிறைந்து வந்தால் உள்நாட்டுச் சரக்கு.

இன்ஜினில் ஒரு அடையாளம். பிஎன்எஸ்எஃப்பின் ES44C4, ET44C4 வகைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்று அச்சு போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. ஆறு அச்சில் நான்குக்கு மட்டுமே இழுவை. கிளம்பும்போது காற்றழுத்தத்தால் நடு அச்சின் பாரத்தைக் குறைத்து, மோட்டார் உள்ள அச்சுகளுக்கு மாற்றும் அமைப்பு அந்தப் போகியில் இருக்கிறது. யூனியன் பசிபிக்கின் புதிய இன்ஜின்களில் ஆறு அச்சுக்கும் மோட்டார். ஆள் மாற்ற வண்டி நிற்கும்போது ஸ்டேஷனிலிருந்தே இதைப் பார்த்துவிடலாம். வெளிச்சம் எதிரே இருந்தாலும் கண்ணுக்குத் தடையில்லை.